ஹார்லோ ஐயர் வாங்கிய வீடு

லண்டனுக்கு நான் போனது இறந்துபோன ஒரு பாதிரியாரின் கையெழுத்தைப் படிப்பதற்காக. விமான நிலையத்தில், வந்த நோக்கம் என்ன என்று கேட்ட அதிகாரியிடம் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அதற்கு எத்தனை நாள் ஆகும்?" என்றார். "கையெழுத்தைப் பொறுத்தது" என்றேன். ஒரு வாரம் போதும் என்று அவரே முடிவு செய்து என்னை உள்ளே விட்டார்.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஹார்லோ ஐயர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நூற்றைம்பது வருடத்துக்கு முன் வந்த மிஷன் பாதிரியார்; அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் ஐயர் என்பார்கள். கிணறு வெட்டினார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். காலராக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கஞ்சி கொடுத்தார். ஏழு வருடம் இருந்துவிட்டுச் சீனாவுக்கு மாற்றலாகிப் போனார். அங்கே ஒரு கும்பல் அவர் வீட்டை இடித்துத் தீ வைத்தது. அவர் எல்லாரையும் மன்னித்தார். எங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். பள்ளி ஆண்டு விழாவில் வருடந்தோறும் அந்தக் கடைசிக் காட்சியை நாடகமாகப் போடுவார்கள். கூம்புத் தொப்பி வைத்த பிள்ளைகள் தீப்பந்தத்தோடு ஓடி வருவார்கள். எல்லாருக்கும் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கிழவி வருவாள். அந்த வசனத்தை எழுதியது நான்தான். பழைய மிஷன் அறிக்கை ஒன்றில் 'ஒரு கிழவி ஜனங்களைத் தூண்டிவிட்டாள்' என்று அரை வரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு கிழவிக்கு ஒரு பக்கம் வசனம் எழுதினேன்.

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, பள்ளியின் விழா மலருக்கு ஐயரின் வரலாற்றை எழுதித் தரும்படி தாளாளர் கேட்டார். ஐயர் சீனாவிலிருந்து எழுதிய கடிதங்கள் லண்டனில் ஒரு நூலகத்தில் இருப்பது தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

தங்கியது ஜெசிந்தாவின் வீட்டில். மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, அகதி முகாமிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் படிக்க வந்தவள். இப்போது ஐம்பதை நெருங்குகிறாள். குரோய்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் ஷிப்ட் வேலை. இன்னும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நின்றாள். அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகம். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இதிலதான் மிஸ், விடியக் காலமை வந்து லைன்ல நிண்டனான். நீ மன்னார்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டவை. வீட்டு உறுதி இருக்கோ எண்டும் கேட்டவை."

"உறுதி என்றால் பத்திரமா?"

"ஓம். வீடே இல்லை. உறுதிக்கு நான் எங்க போறது?" என்று சிரித்தாள். பிறகு, "வாங்கோ, சொதி ஆறிப்போகும்" என்று நடந்தாள்.

எங்கள் நெல்லையில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற விருந்து. பயறும் காய்கறியும் போட்டுக் கெட்டியாக இருக்கும். ஜெசிந்தா ஊர்ச் சொதி தினப்படிச் சமாச்சாரம். தண்ணீராக ஓடுகிறது. இடியப்பத்தை அதில் முக்கிச் சாப்பிட்டபோது, இதற்கும் அதற்கும் பெயர் மட்டும் எப்படி ஒன்றாயிற்று என்று நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். யார் யாருக்குக் கொடுத்தது என்பது முடிவாகவில்லை.

திங்கட்கிழமை காலை டிராமில் ஈஸ்ட் குரோய்டன், அங்கிருந்து ரயில். எதிரே நின்ற இரண்டு பெண்கள் அவர்களுடைய மேலாளரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "அவன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் எதற்கு என்று சொல்லவே இல்லை" என்றாள் ஒருத்தி. மற்றவள், "அதுதான் அவன் கேட்கிற முறை" என்றாள். ரயிலில் வேறு யாரும் பேசவில்லை. நம் ஊர்ப் பேருந்தில் இத்தனை பேர் நின்றால் இந்நேரம் ஒரு கல்யாணம் பேசி முடிந்திருக்கும்.

நூலகத்தில் கோட்டு, பை, பேனா எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். உள்ளே பென்சில் மட்டும்தான். கடிதங்களைத் தடித்த ஒரு புத்தகமாகக் கட்டி வைத்திருந்தார்கள். தையல் தளர்ந்துபோனதால் அதைப் படம் எடுக்கக் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம் என்றார் மேசையில் இருந்த நரைத்த தாடிக்காரர். பஞ்சு மெத்தை போன்ற ஒரு தாங்கியின் மேல், தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் அதை வைத்தார்.

ஐயரின் கையெழுத்து எறும்பு வரிசை. தாள் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அதைத் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்காகவே மறுபடி எழுதியிருந்தார். முதல் நாள் முழுவதும் ஒன்பது பக்கம்தான் படித்தேன். ஃபூஜியன் மாகாணத்தில் ஆற்றோரமாக ஒரு நகரம். அதன் பெயரையே கடிதத்துக்குக் கடிதம் வேறு வேறாக எழுதியிருந்தார். மழை, கொசு, மனைவியின் காய்ச்சல், பால் கிடைக்காத குறை. எங்கள் ஊர்ப் பனங்கற்கண்டை நினைத்து ஏங்கி ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெசிந்தா கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளைக் காலையில் வாசிப்பறையில் பார்த்திருந்தேன். என் வயதுதான் இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கையில் பெரிய ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். பெயர் ஹுவாங் என்றார். ஃபூஜியனில் நகரமைப்பு அலுவலகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். இருவருக்கும் அது இரவல் மொழி என்பதால் தவறுகளைப் பற்றிக் கூச்சம் இல்லை.

பொரித்த சுருள்கள் இருந்த டப்பாவை நீட்டினேன். ஜெசிந்தா அதைக் கொடுக்கும்போதே, "இதுக்கு எங்கட ஊரில சைனீஸ் றோல்ஸ் எண்டு பேர் மிஸ்" என்று சொல்லியிருந்தாள். ஹுவாங் அம்மாளிடம் அதைச் சொன்னேன். ஒரு கடி கடித்து, மெதுவாக மென்று, யோசித்து, "எங்களுடையது இல்லை" என்றார். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

என்ன தேடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு வீடு" என்றார். "எங்கள் நகரத்தில் வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் இருந்த வீடு. அதை இப்போது பழுது பார்த்துப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப் போகிறார்கள். கீழே காபிக் கடை வந்துவிட்டது. வாசலில் ஒரு கல் பதிக்கிறார்கள். 'ஹுவாங் குடும்பத்தாரிடமிருந்து அவர்களது சம்மதத்துடன் வாங்கப்பட்டது' என்று எழுதப் போகிறார்கள். நாங்கள் விற்கவே இல்லை."

"வீடு திரும்ப வேண்டுமா?"

"வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? மாடிப்படி ஏற எனக்கு முழங்கால் வலி. எனக்கு அந்த 'சம்மதம்' என்கிற சொல்தான் போக வேண்டும். குழுவில் இருப்பவர்கள் நல்லவர்கள். ஆவணம் கொண்டு வாருங்கள், மாற்றுகிறோம் என்கிறார்கள். எங்களிடம் இருப்பது அப்பா சொன்ன கதை மட்டும்."

பாதிரியாரின் பெயரைக் கேட்டேன். அவர் சொன்ன உச்சரிப்பில் முதலில் விளங்கவில்லை. விரலால் பெஞ்சின் ஈரத்தில் எழுதிக் காட்டினார். ஹார்லோ.

அந்தக் கடிதக் கட்டு வேறொரு வாசகரிடம் இருப்பதாகத் தம்மிடம் சொன்னார்கள் என்றார். "அந்த வாசகர் நான்தான்" என்றேன். அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய ஆங்கிலக் கையெழுத்து தமக்குப் படிக்க வராது, அந்த வீட்டைப் பற்றி ஏதாவது தென்பட்டால் சொல்வீர்களா என்று கேட்டார். கட்டாயம் சொல்கிறேன் என்றேன். ஐயரைப் பற்றி அப்படி ஒன்றும் இருக்காது என்ற நம்பிக்கையில் சொன்னது அது.

புதன்கிழமை அவரிடமிருந்து நிறையத் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் சீன நகரங்களில் இது ஊருக்கு ஊர் நடந்த சண்டையாம். வெளிநாட்டுப் பாதிரிமார் உள்நாட்டில் நிலம் வாங்கலாமா என்பதே முதல் கேள்வி. பிரான்சும் சீனாவும் போட்ட ஒப்பந்தத்தின் சீனப் பிரதியில் வாங்கலாம் என்று ஒரு வரி இருந்தது. பிரெஞ்சுப் பிரதியில் அந்த வரி இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற நாட்டுக்காரர்களும் வாங்கத் தொடங்கினார்கள். மலை மேல் கட்டினால் ஊருக்கு ஆகாது என்று ஒரு வழக்கு, கோயில் மேல் நிழல் விழுகிறது என்று ஒரு வழக்கு. இவற்றையெல்லாம்விட அதிகம் வந்தவை, விற்க உரிமை இல்லாதவன் விற்றுவிட்டான் என்ற வழக்குகளாம்.

"எங்கள் வீட்டில் விற்றது பங்காளி முறை ஒருவன்" என்றார் ஹுவாங் அம்மாள். "வீட்டில் பெரியப்பா என்று சொல்லப்படும் என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் இறந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டான். விதவையான பெரியம்மா அந்த வீட்டில்தான் இருந்தார். நாங்கள் வணங்கும் முன்னோர்களின் பெயர்ப் பலகைகள் பின்கட்டில் இருந்தன. அவருக்குச் சாகும்வரை அங்கே இருக்க உரிமை உண்டு. அவரை யாரும் கேட்கவில்லை."

"கேட்டிருக்கலாம். அது பதிவாகாமல் போயிருக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ஆரஞ்சு ஒன்றை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தக் கடிதத்துக்கு வந்தேன்.

லண்டனில் இருந்த மிஷன் செயலாளருக்கு ஐயர் எழுதியது. நான் பென்சிலால் எழுதிக்கொண்டதை அப்படியே தமிழில் தருகிறேன். "பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே அந்தப் பெண் சம்மதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு மொழி கற்பிக்கும் ஆசிரியர் என்னை எச்சரித்தார். சுவர் எழும்பிவிட்டால் சம்மதம் தானாக வரும் என்று நினைத்தேன். அவள் தினமும் விடியற்காலையில் வந்து வாசலில் உட்கார்ந்தாள். எங்களை ஏசவில்லை. நாங்கள் அவளைச் சுற்றிப் போய் வந்தோம். மாடி கட்டி முடியும் தறுவாயில், வேலையாட்களை விட்டு அவளைத் தூக்கி அப்புறப்படுத்தச் சொன்னேன். அதற்கு அடுத்த வாரம் ஜனங்கள் வந்தார்கள். அவர்கள் மாடியைத்தான் இடித்தார்கள். தீயை யாரும் வைக்கவில்லை. எங்கள் சமையலறை விளக்கு விழுந்தது. குளிர்காலத்தில் அவள் ஓர் உறவினர் வீட்டில் இறந்தாள் என்று கேள்விப்பட்டேன். இங்கே பிரசங்கம் செய்ய எழும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது."

ஓரத்தில் வேறொரு கையெழுத்து. செயலாளருடையதாக இருக்க வேண்டும். பென்சிலில் மூன்று சொற்கள்: இது அச்சுக்கு அல்ல.

நான் நிமிர்ந்து பார்த்தேன். நான்கு மேசைக்கு அப்பால் ஹுவாங் அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏதோ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவர் தோளைத் தொட எனக்குப் பத்து அடி. தொடவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைத்து என்ன பயன்? பள்ளிக்கூட வாசலில் இருக்கும் ஐயரின் சிலை ஓடியது. மலருக்குப் பணம் கொடுத்தவர்களின் முகம் ஓடியது. இந்தக் கடிதம் சீனாவில் ஒரு கல்லில் ஏறினால் நாளைக்கே செய்தித்தாளில் வரும், ஊரில் என்னைக் காட்டிக் கொடுத்தவள் என்பார்கள் என்று ஓடியது. கூடவே, பல்லைக் கடித்துக்கொண்டு தீப்பந்தம் ஏந்தி வருகிறவளுக்கு நான் எழுதிய வசனமும் ஓடியது. 'ஏசவில்லை' என்று ஐயரே எழுதியிருக்கிறார். என் வசனத்தில் அவள் ஏசுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

மத்தியானம் பெஞ்சில் அவர், "ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார்.

"இன்னும் படித்து முடியவில்லை" என்றேன்.

அது பொய் இல்லை. கட்டில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி இருந்தது. அவர் தம் கைபேசியை எடுத்து, சீனர்கள் பேசிக்கொள்ளும் அந்தச் செயலியில் என்னைச் சேர்க்கட்டுமா என்றார். என்னிடம் அது இல்லை. "நாளைக்கு எழுதிக்கொள்ளலாமே" என்றேன். அவர் தலையசைத்தார். நாளை மாலை ஊருக்குத் திரும்புவதாகவும், மத்தியானம் வரை இங்கே இருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜெசிந்தா ஷிப்ட் முடிந்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கேட்காமலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த மனிசிக்கு இண்டைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்."

"யோசிக்க வேண்டியிருந்ததம்மா. பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கிறது. ஐயர் எங்கள் ஊருக்குச் செய்த நல்லதெல்லாம் இருக்கிறது."

"அவர் செய்த நல்லதை ஆர் இல்லையெண்டது? அதெல்லாம் அப்பிடியே இருக்கும். இவ கேக்கிறது ஒரு சொல்லை மாத்தச் சொல்லி." கத்தியை மறுபடி எடுத்தாள். "என்னட்ட ஒருத்தர் ஒரு துண்டுக் கடதாசி கொண்டு வந்து, இந்தா உன்ர வீட்டைப் பற்றி எழுதியிருக்கு எண்டு தந்திருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பன்."

"நாளைக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன்."

"ஓம். நேரத்துக்கு வெளிக்கிடுங்கோ" என்றாள். கல்லூரியில் விடை தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை நான் உட்காரச் சொல்வதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கே கிளம்பிவிட்டேன். டிராம் சரியாக வந்தது. ரயிலும் வந்தது. ஈஸ்ட் குரோய்டன் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றது. முன்னால் எங்கோ தண்டவாளத்தில் யாரோ இறங்கிவிட்டார்களாம். மின்சாரத்தை நிறுத்தியிருப்பதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒரு பக்கம் வீடுகளின் பின்புறத் தோட்டங்கள். ஈரத்தில் காயாத துணிகள். மறுபக்கம் ஒரு நீளச் சுவர்.

முதல் அரை மணி யாரும் பேசவில்லை. அடுத்த அரை மணியில் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் என்னிடம் பாதி பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். "அவசரமாகப் போக வேண்டுமா?" என்றார். "ஒருவருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும்" என்றேன். "போன் செய்யலாமே" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நூலகத்தின் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். வாசகர்களைத் தொலைபேசிக்குக் கூப்பிடும் வழக்கம் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். செய்தி எழுதி வைக்கிறோம் என்றார்கள். 'காத்திருங்கள், நான் வருகிறேன்' என்று சொல்லச் சொன்னேன். ஹுவாங் என்ற பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அதற்குள் இணைப்புப் போய்விட்டது.

இறங்க வைத்து, நடக்க வைத்து, பேருந்தில் ஏற்றி, அந்தப் பேருந்தும் ஊர்ந்து, நான் நூலகத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து. நான்கு மேசைக்கு அப்பால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"அவர் ஒரு மணிக்கு மேலும் காத்திருந்தார்" என்றார் தாடிக்காரர். "மகள் வந்து அழைத்துப் போனார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம்."

அவரது முகவரியைக் கேட்டேன். ஒரு வாசகரைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்ல அனுமதியில்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தந்தால் அனுப்பி வைக்கிறேன்" என்றார். கடிதக் கட்டின் எண்ணையும் பக்க எண்ணையும் எழுதினேன். ஐயரின் வரிகளை முழுவதும் எழுதினேன். கடைசியில், 'இதை நேற்றுக் காலையிலேயே பார்த்தேன். சொல்லாமல் இருந்தது என் தவறு' என்று எழுதினேன். கட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பக்கத்தின் அதிகாரபூர்வ நகல் வேண்டுமென்று விண்ணப்பமும் போட்டேன். கட்டைத் தைத்துச் சரிசெய்த பிறகுதான் தர முடியும், சில மாதம் ஆகலாம் என்றார்கள்.

சனிக்கிழமை ஜெசிந்தா என்னை விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தாள். வழியில் மருந்துக் கடை, பள்ளிக்கூடம், அவளது தேவாலயம் என்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே போகும் முன், "மிஸ், மலரில எழுதுவியள்தானே?" என்று மட்டும் கேட்டாள். எழுதுவேன் என்றேன்.

எழுதினேன். ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். தாளாளர் அதைப் படித்துவிட்டு என்னை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுத்தார். கோபப்படவில்லை. "விழா மலர்தானே டீச்சர், கோர்ட்டா?" என்றார். பிள்ளைகள் படிக்கிற புத்தகம் என்றார். ஐயரே வருத்தப்பட்டிருக்கும்போது நாம் ஏன் கிளற வேண்டும் என்றார். நான் கொஞ்சம் பேசினேன். பிறகு விட்டுவிட்டேன். என் அத்தியாயம் ஒரே வாக்கியமாகச் சுருங்கியது. 'வீடு தொடர்பாக உள்ளூரில் சில கருத்து வேறுபாடுகள் இருந்தன.' அந்த வாக்கியத்தைத் திருத்தி, முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்ததும் நான்தான். நாடகத்திலிருந்து மட்டும் அந்தக் கிழவியை எடுத்துவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஹுவாங் அம்மாளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது மார்ச் மாதத்தில். நூலகத்தில் அவர் தந்திருந்தது மகளின் முகவரி. மகள் வீடு மாறியிருந்தார். என் கடிதம் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது கல்லைப் பதித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குழுவிடம் காட்டினாராம். வருத்தப்பட்டார்களாம். கல்லை மாற்ற முடியாது, அடுத்த முறை கையேடு அச்சிடும்போது ஒரு குறிப்புச் சேர்க்கலாம் என்றார்களாம். கோபமான ஒரு சொல்லும் மின்னஞ்சலில் இல்லை. 'வியாழக்கிழமை நீங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஏதோ படித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

கீழே ஒரு கேள்வி. "அந்தக் கடிதத்தில் பெரியம்மாவின் பெயர் இருக்கிறதா? எங்கள் குலப் பதிவேட்டில் மருமகள்களுக்குப் பெயர் எழுதும் வழக்கம் அன்று இல்லை. பிறந்த வீட்டை வைத்து 'ச்சென் வீட்டுப் பெண்' என்று மட்டும் இருக்கிறது. எங்களில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது."

என் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். 'அந்தப் பெண்' என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு விட்டிருந்தேன். மூலத்தில் அங்கே ஒரு சொல் இருந்தது நினைவுக்கு வந்தது. குறுக்கு வரிகளில் மறைந்து, படிக்கச் சிரமமாக இருந்தது. பெயர்தானே, அது இல்லாவிட்டாலும் பொருள் விளங்குகிறது என்று தாண்டிப் போயிருக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் வரலாறு கற்பித்தவள்.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். "அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை எனக்கு ஓஃப். நான் போய்ப் பாக்கிறன்" என்றாள். அவளும் அந்த நூலகத்தில் வாசகர் அட்டை எடுத்து, கோட்டையும் பையையும் பூட்டி வைத்து, பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். கட்டைத் தைத்து முடித்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்றாம். தாடிக்காரரும் கூட உட்கார்ந்து பார்த்தாராம். எட்டு மணி வாக்கில் எனக்குச் செய்தி வந்தது: "மிஸ், ஆ-லிங். நல்ல வடிவாத் தெரியுது. ஆ-லிங் எண்டுதான் எழுதியிருக்கு."

அன்றே ஹுவாங் அம்மாளுக்கு எழுதினேன். பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது.

'நன்றி. ஐயர் ஒலியை மட்டும் எழுதியிருக்கிறார். எங்கள் மொழியில் லிங் என்ற ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. ஒன்றுக்கு மணி என்று பொருள். ஒன்றுக்கு இறகு, ஒன்றுக்கு மெல்லிய பட்டு, ஒன்றுக்கு மலைமுகடு, ஒன்றுக்கு ஆன்மா, ஒன்றுக்குக் குளத்தில் விளையும் ஒரு கொட்டை. அவர் எதுவாக இருந்தார் என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. போன வாரம் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள். எல்லா எழுத்துகளையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போனோம். அவருடையது எது என்று அவருக்குத் தெரியும்.'